ஆடி ஆறாம் தேதி

எங்கள் பக்கத்தில் ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிரசவம் ஆகும். சித்திரையில் பிறக்கிற பிள்ளை அப்பனுக்கு ஆகாது என்று ஒரு பயம். அதனால் அந்த ஒரு மாதம் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஊரில் இருக்க வேண்டும். எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது மாதமே ஆடி வந்துவிட்டது. அத்தை, அதாவது என் மாமியார், ஒன்றாம் தேதி காலையிலேயே என் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

நான் வாழப்போன வீடு எறையூர்ப் பக்கம், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகிற ஊர். அம்மா வீடு அரியலூரை ஒட்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடி ஓடி வேப்பிலையெல்லாம் வெளுத்துப்போன ஊர். என் வீட்டுக்காரருக்கு வேலை எங்கே? அரியலூரில், ஒரு சிமெண்ட் ஆலையில். எறையூரில் இருந்தவரை ஷிப்ட் முடித்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி வந்தால்தான் அவர் என் முகத்தைப் பார்க்க முடியும். அம்மா வீட்டுக்குப் பத்தே நிமிடம். எங்களைப் பிரித்து வைக்கிறோம் என்று சொல்லி என்னைக் கொண்டுபோய் அவருடைய ஆலை வாசலில் இறக்கிவிட்டார்கள். இந்தப் புத்திசாலித்தனத்தை நினைத்து இப்போதும் சிரிக்கிறேன்.

ஆடிப்பெருக்கு கழிந்த இரண்டாம் நாள் அப்பாவும் அம்மாவும் மக்காச்சோளக் காட்டுக்குக் களை எடுக்கப் போயிருந்தார்கள். மதியம் இரண்டரை மணிக்கு, ஷிப்ட் முடிந்து சட்டையெல்லாம் தூசியோடு, அவர் வந்தார். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை வந்தார். ஒருநாள் அம்மா சீக்கிரம் திரும்பிவந்து கொல்லையில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டாள். காபி போட்டுக் கொடுத்துவிட்டு, “காட்டுக்குப் போனவங்க திரும்பறதுக்குள்ள கெளம்பிடுங்க மாப்ள, யாராச்சும் பாத்தா வம்பு” என்று மட்டும் சொன்னாள்.

ஆவணியில் எறையூருக்குத் திரும்பினேன். புரட்டாசியில் வாந்தி ஆரம்பித்தது. சாதாரண வாந்தி இல்லை, தண்ணீரைப் பார்த்தாலே குமட்டியது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தானே என்று அம்மா வந்து கூட்டிப்போய்த் தன் ஊரிலேயே என் பெயரைப் பதிவு செய்ய வைத்தாள். துணை சுகாதார நிலையத்தில் அன்று நல்ல கூட்டம். நர்சம்மா ஒருவரே ஊசியும் போட்டு, எடையும் பார்த்து, கர்ப்பிணி அட்டையும் எழுதிக்கொண்டிருந்தார். கடைசியாக எப்போது தூரமானாய் என்று அவர் கேட்டபோது நான் வெளியே வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பதிலாக அம்மா சொன்னாள், “ஆடி ஆறுங்க.”

நர்சம்மா அட்டையில் 06-07 என்று எழுதினார்.

தமிழ்நாட்டில் காலண்டர் கிழிக்கிற யாருக்கும் இதில் உள்ள தப்பு புரியும். ஆடி பிறப்பதே ஜூலை பதினேழாம் தேதி வாக்கில்தான். ஆடி ஆறு என்றால் ஜூலை இருபத்திரண்டு. ஆடி என்றால் ஜூலைதானே என்று பேச்சு வேகத்தில் நினைத்துக்கொள்கிறோம், நர்சம்மாவும் அப்படித்தான் எழுதிவிட்டார். அந்த ஒரு வரியில் என் பிள்ளைக்குப் பதினாறு நாள் வயது கூடிவிட்டது. பிரசவத் தேதி ஏப்ரல் பன்னிரண்டு, பங்குனிக் கடைசி என்று அட்டை சொன்னது. உண்மையான தேதி ஏப்ரல் இருபத்தெட்டு. சித்திரை நடுவில்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு வேலையே இதுதான். பெரம்பலூரில் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். “மவன் ஆவணி பத்துல பொறந்தான்” என்று வருகிறவர்களுக்கு இங்கிலீஷ் தேதி கண்டுபிடித்துப் போட்டுத் தருவேன். ஊரார் தேதியையெல்லாம் திருத்தினேன், என் அட்டையை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை அது இல்லை. பங்குனி என்று கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆடியில் நடந்தது யாருக்கும் தெரியாமல் போகும் என்றால் எதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும்? அம்மாவுக்கும் அதே நிம்மதி. என் வீட்டுக்காரருக்கும் அதே. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

அந்த நிம்மதிக்கான தண்டனை ஐந்தாம் மாதத்தில் வந்தது. முதல் ஸ்கேனில் பிள்ளை தேதிக்கு இரண்டு வாரம் பின்தங்கி இருக்கிறது என்றார்கள். ஏழாம் மாதத்திலும் அதே பேச்சு. “வளர்ச்சி பத்தல, நல்லா சாப்பிடும்மா.” அவ்வளவுதான், அத்தை கேழ்வரகையும் முருங்கைக்கீரையையும் பேரீச்சம்பழத்தையும் கொண்டு என்மேல் படையெடுத்தார். நான் சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்கு முன்னால் எட்டிப் பார்ப்பார். தெருவில் எதிரே வருகிறவர்களிடமெல்லாம், “ஒண்ணும் திங்க மாட்டேங்குறா, புள்ள எலிக்குஞ்சாட்டம் இருக்குதாம்” என்று சொல்லி வைப்பார். என் பிள்ளை அதன் வயதுக்குச் சரியாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது. நான்தான் தின்று தின்று நெஞ்செரிச்சலில் உட்கார்ந்துகொண்டே தூங்கினேன்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த பிறகு, பங்குனி பத்து வாக்கில் அத்தை ஒரு மஞ்சள் தடவிய சீட்டோடு வந்தார். ஜோசியர் குறித்துக் கொடுத்தது. பங்குனி இருபது, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பெரம்பலூரில் ஒரு நர்சிங் ஹோமில் பேசியும் வைத்துவிட்டார். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்.

“அட்டையில போட்ட தேதி பங்குனிக் கடைசி. ரெண்டு நாள் தள்ளிப்போனா சித்திரை பொறந்துடும். நாம எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்? புள்ளயும் வயித்துல வளரல. வெளிய எடுத்து வளத்துக்கலாம்.”

அத்தையை வில்லி ஆக்கிவிட எனக்கு விருப்பமில்லை. என் வீட்டுக்காரருக்கு நாலு வயதாக இருக்கும்போது மாமனார் லாரி மோதிச் செத்துப்போனார். ஒற்றைப் பிள்ளையைக் கரும்பு வெட்டியே வளர்த்தவர் அத்தை. அப்பனுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் அந்த அப்பன் அவருடைய மகன் இல்லையா? பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவர் பயத்துக்கு என் வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்பது புரியவில்லை.

அத்தை போன பிறகு கட்டிலில் உட்கார்ந்து அட்டையை எடுத்தேன். ஆறு மாதமாகப் பார்க்காத அந்த வரியைப் பார்த்தேன். மையத்தில் அடுத்தவர்களுக்குப் பார்ப்பதுபோல விரல்விட்டு எண்ணினேன். பதினாறு நாள் இடித்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அன்னைக்கு நர்சம்மாகிட்ட என்ன தேதி சொன்ன?”

“ஆடி ஆறுன்னேன். ஏன்?”

“அவங்க ஜூலை ஆறுன்னு எழுதிட்டாங்க.”

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு முன்னமே தெரியும் என்று அந்தக் கதவைச் சாத்திய விதத்திலேயே புரிந்துவிட்டது.

“எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும். இப்ப போயி ஆடியக் கெளறுனீன்னா, எங்க வூட்டுல வச்சு நடந்திருக்குன்னு சம்பந்தி என்ன காறித் துப்புவாங்க. பொண்ண அனுப்புனா காவக் காக்கத் தெரியலையான்னு கேப்பாங்க. பெத்தவ மானத்தையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு.”

“பங்குனி இருபதுல எடுத்தா முப்பத்தாறு வாரந்தாம்மா ஆகுது.”

“எட்டு மாசத்துல பொறந்ததெல்லாம் பொழைக்கலையா?”

அம்மாவோடு சண்டையே போடாதவள் இல்லை நான். ஆனால் அன்று போட்டதுபோல் போட்டதில்லை. என் பெரியப்பா மகள் பிள்ளை முன்கூட்டியே பிறந்து பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வரும். ஒவ்வொரு மூச்சையும் அது இழுத்து இழுத்து வாங்கியதை நானும் அம்மாவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைக்காவது வேறு வழியில்லை, பனிக்குடம் உடைந்துவிட்டது. என் பிள்ளைக்கு என்ன கேடு? உள்ளே சுகமாக இருக்கிறது. “உன் மானத்துக்காக என் புள்ள பொட்டியில கெடக்கணுமா?” என்று கத்தினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதிலிருந்து இறங்கி வரவில்லை.

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டு, “அது சரி, டாக்டருகிட்ட வேற ஏதாச்சும் காரணம் சொல்லித் தேதியத் தள்ளிப்போடேன். அம்மாகிட்ட மட்டும் ஆடி மேட்டர எடுக்காத” என்றார். வருவதற்கு மட்டும் கால் இருந்தது, சொல்வதற்கு வாய் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

பங்குனி பதினான்காம் தேதி நர்சிங் ஹோமுக்குப் போனோம். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே நான், என் வீட்டுக்காரர், அத்தை. ஐம்பது வயது மதிக்கத்தக்க டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், இரண்டு ஸ்கேனையும் பார்த்தார்.

“இருபதாம் தேதின்னா முப்பத்தெட்டரை வாரம் முடிஞ்சிருக்கும். வளர்ச்சியும் குறைவாவே காட்டிட்டு வருது. எடுத்துடறதுல தப்பில்ல” என்றார்.

அத்தை என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேன் பார்த்தாயா என்றிருந்தது. என் வீட்டுக்காரர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப் பேனாவை எடுத்தார் டாக்டரம்மா. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. குரல் ஆச்சரியமாகத் தெளிவாக வந்தது.

“டாக்டர், அந்தத் தேதி தப்பு. ஜூலை ஆறு இல்ல. ஆடி ஆறு. எழுதறப்ப மாத்தி எழுதிட்டாங்க.”

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த, பிரசவத் தேதி கணக்கிடுகிற வட்டமான அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆடி ஆறுன்னா ஜூலை இருபத்திரெண்டு... அப்ப இருபதாம் தேதிக்கு முப்பத்தாறு வாரம் மூணு நாள்தான் ஆகும். அட, அதான் ஸ்கேன்ல ரெண்டு வாரம் பின்னாடியே வந்திருக்கு. புள்ள சரியாத்தாம்மா வளந்திருக்கு.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “நல்லா தெரியுமா? ஆடிதானா?”

நான் தலையாட்டுவதற்குள் அத்தை எழுந்துவிட்டார்.

“ஆடியில நீ ஒங்க அம்மா வூட்டுலல்ல இருந்த?”

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று எனக்கு உடனே புரிந்தது. ஆடியில் தூரமாகி, ஆடியிலேயே கரு தங்கியிருக்கிறது, மகனோ அந்த மாதம் எறையூரில் இருந்தான். அப்படியானால் யாருடைய பிள்ளை? அத்தை வாயால் கேட்கவில்லை. முகம் கேட்டது. இத்தனை மாதமாக என் வயிற்றில் கை வைத்துப் பார்த்த கை, சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கோபப்பட்டதில்லை. அத்தைமேல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஃபேனை எண்ணிக்கொண்டிருந்தாரே, அவர்மேல்.

“என்னங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

அவர் நெற்றியைத் துடைத்தார்.

“சொல்லுங்க. ஒங்க அம்மா என்ன நெனக்கிறாங்கன்னு தெரியுதுல்ல? இன்னும் ஒரு நிமிஷம் நீங்க வாய மூடிட்டிருந்தா, நான் இந்த வயித்தோட எங்க அம்மா வூட்டுக்குப் போயிட்டு அங்கயே இருந்துக்குவேன்.”

“ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிஞ்சு... அங்கதாம்மா போனேன்” என்றார் அவர். எல்கேஜி பிள்ளை பென்சில் திருடியதை ஒத்துக்கொள்கிற குரல்.

“எத்தன தடவ?” என்றார் அத்தை.

“நாலஞ்சு தடவ.”

டாக்டரம்மா எதையோ தேடுவதுபோல மேஜை டிராயருக்குள் குனிந்துகொண்டார். சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. “பெரியம்மா, நீங்க குறிச்ச தேதியில நான் எடுக்க மாட்டேன். காரணமில்லாம மூணரை வாரம் முன்னாடி எடுத்து, புள்ள மூச்சுத் திணறுனா யாரு பொறுப்பு? தாயும் நல்லாருக்கா, புள்ளயும் நல்லாருக்கு. வலி வரட்டும்” என்றார்.

அத்தை வெளியே போனார். பெஞ்சிலிருந்து எழுந்த என் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். “காவலு நல்லா காத்தீங்க சம்பந்தி” என்று சொல்லிவிட்டு, மகன் வண்டியில்கூட ஏறாமல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். அம்மா ஊர் வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சோற்றைப் போட்டு என் முன்னால் தள்ளிவிட்டு, “தின்னு, வயித்துல இருக்கறதுக்காவது” என்றாள். எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகான நாட்கள் லேசானவை அல்ல. பங்குனி இருபது போனது. அட்டை சொன்ன இருபத்தொன்பதும் போனது. சித்திரை முதல் நாள் ஊரே குளித்து முழுகிக் கோயிலுக்குப் போய் வந்தது, என் வயிறு இருந்த இடத்தில் இருந்தது. விஷயம் எப்படியோ கசிந்து, எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. வேலையில்லாதவர்கள்கூட வேலை இருப்பதுபோல் எங்கள் வாசல் வழியாகப் போய் வந்தார்கள். “என்னம்மா, ஆடிக் கணக்காமே?” என்று ஒரு பெண்மணி கேட்டே விட்டாள். “ஆமாங்க, ஆடிப்பெருக்கு முடிஞ்ச ரெண்டாம் நாளு, மத்தியானம். நேரமும் வேணுமா?” என்றேன். அன்றிலிருந்து யாரும் கேட்கவில்லை. உள்ளே உட்கார்ந்தால்தானே பேச்சு வளரும் என்று தினமும் சாயங்காலம் தெரு நடுவில் நடக்க ஆரம்பித்தேன். லாரி போனால் ஒதுங்கி நின்று, தூசி அடங்கியதும் திரும்ப நடப்பேன். கால் வீங்கியிருந்தது, முதுகு வலித்தது. பயமும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அவர் ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம், ஏதாவது ஆகிவிட்டால் எல்லோரும் என்னைத்தானே கைகாட்டுவார்கள் என்று மனசு அடித்துக்கொள்ளும். அத்தையின் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டதே என்று என்மேலேயே எரிச்சல் வரும்.

அவர் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தார். வண்டியைக் கொல்லையில் மறைக்காமல் வாசலிலேயே நிறுத்தினார். “என்ன மன்னிச்சுரு. அன்னைக்கு நானே சொல்லியிருக்கணும்” என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கொஞ்சம் காலைப் பிடித்துவிடச் சொன்னேன். தெரு பார்க்க உட்கார்ந்து பிடித்துவிட்டார்.

சித்திரை பன்னிரண்டாம் தேதி காலை பல் விளக்கும்போது வலி எடுத்தது. அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம் என்று எழுதினார்கள். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் நிச்சயமாகப் பிள்ளை பெற்றவர் இல்லை. நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் எனக்கு அடுத்து வந்த சத்தம்தான் முக்கியம். வெளியே வந்த உடனே, யாரும் தட்டாமல், யாரும் தூக்கிக் குலுக்காமல், தானாக மூச்சை இழுத்து அழுதது பிள்ளை. மூன்று கிலோவுக்கு மேல். நெஞ்சில் போட்டார்கள். சின்ன விலா ஏறி இறங்குவது என் தோலில் பட்டது. நான் அழுதேன். இவ்வளவு நாள் யார் முன்னாலும் அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அந்த மேஜையில் அழுது முடித்தேன்.

பெண் பிள்ளை.

மறுநாள் அத்தை வந்தார். பெண் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும், உள்ளே வரும்போதே முகம் தெளிந்திருந்தது. கையில் பூண்டுக் குழம்பும் சாதமும். என்னைப் பார்த்து, “நல்லாருக்கியா?” என்றார். பிள்ளையைத் தூக்கி, துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரிக்கும் கேட்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

“பொட்டப்புள்ளதான. சித்திரை ஒண்ணும் பண்ணாது. ஆம்பளப் புள்ளன்னாத்தான் அப்பனுக்கு ஆவாது. பொண்ணுன்னா பரவால்ல.”

அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது அவருக்கு. என் பிள்ளையின் பிறப்பில் அவருக்குக் கிடைத்த முதல் சந்தோஷமே, அவள் ஒரு பொருட்டில்லை என்பதுதான். அம்மா எனக்குக் கண்ஜாடை காட்டினாள், விட்டுவிடு, சந்தோஷமாக வந்திருக்கிறார்கள் என்று. என் வீட்டுக்காரரும் என் கையைத் தொட்டார். தையல் வலித்தது, பேசினால் வயிறு இழுத்தது. எழுந்து உட்கார்ந்தேன்.

“அத்தை, நீங்க குறிச்ச தேதியில எடுத்திருந்தா இவ கண்ணாடிப் பொட்டியில மூச்சுக்குத் திணறிட்டுக் கெடந்திருப்பா. அப்பவும் பொண்ணுதான, பரவால்லன்னு சொல்லியிருப்பீங்களா?”

அத்தை என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக என் மடியில் வைத்துவிட்டு, தூக்குவாளியைத் திறந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். என் மகளுக்கு இப்போது மூன்று வயது. அத்தை அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை. நானும் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.